தேயிலை, காப்பித் தோட்டங்களில் பல்லுயிர்க் கண்காணிப்பு: கருவிகள் சொல்வதும் சொல்லாததும்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் தென்கோடியில், ஆனைமலைத் தொடரின் மேல் விரிந்திருக்கும் வால்பாறை மேட்டுநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 1890களில் தொடங்கி மழைக்காட்டைத் திருத்தி உருவாக்கப்பட்ட தேயிலைத் தோட்டங்களே இன்று அதன் பெரும்பகுதியை மூடியிருக்கின்றன. இடையிடையே காப்பியும் ஏலமும் யூகலிப்டஸும் உண்டு. வெட்டாமல் விடப்பட்ட சோலைத் துண்டுகளும் ஓடைக்கரை மரங்களும் திட்டுத் திட்டாக நிற்கின்றன. சுற்றிலும் ஆனைமலை, பறம்பிக்குளம் போன்ற காப்பகக் காடுகள் இருப்பதால் யானை, சிறுத்தை, காட்டுமாடு, கடமான், நீர்நாய் எல்லாம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வந்துபோகின்றன. ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான புதுத்தோட்டம் சோலைத் துண்டில் சிங்கவால் குரங்குகள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. காப்பகத்துக்குள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புலிக் கணக்கெடுப்பு முறையாக நடக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், தோட்டக் கம்பெனிகளின் பொறுப்பில் இருக்கும் நிலத்தில், உயிரினங்களைப் பற்றிய அப்படியொரு தொடர் கணக்கு வழக்கத்தில் இல்லை.

இந்த இடைவெளியைக் கருவிகளால் நிரப்ப முடியும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. தானியங்கிக் கேமரா, ஒலிப்பதிவுக் கருவி, செயற்கைக்கோள் படம், ஓடை நீரிலிருந்து எடுக்கும் டிஎன்ஏ, இவை அனைத்தையும் அலசும் செயற்கை நுண்ணறிவு என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் தோட்டம் காப்பகத்தைப் போன்றதன்று. அங்கே நிலத்தின் போக்கை ஒருவர் ஆண்டுதோறும் தீர்மானிக்கிறார். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலையைக் கவாத்து செய்கிறார்கள் (செடியை வெட்டிக் குறைத்துப் புதிதாகத் தழைக்கவிடுகிறார்கள்), மழைக்கு முன் காப்பிக்கு மேலுள்ள நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கிறார்கள், களைக்கொல்லி அடிக்கிறார்கள், ஓடைக்கரை வரை நடுவதா, கொஞ்சம் விட்டு நடுவதா என்று முடிவு செய்கிறார்கள். ஆகவே இந்த நிலத்தில் கேட்கவேண்டிய கேள்வி, இங்கே என்னென்ன இருக்கின்றன என்பதைவிட, இங்கே எடுக்கப்பட்ட முடிவால் எது கூடியது, எது குறைந்தது என்பதே. இந்தக் கேள்வியை முதலில் வைக்காமல் வாங்கப்படும் கருவி, படங்களையும் ஒலிகளையும் குவிக்குமேயன்றி விடை தராது.

திடீரென்று தோட்டங்கள் இதில் அக்கறை காட்டுவதற்குச் சந்தை ஒரு முக்கியக் காரணம். 2022 டிசம்பரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட குன்மிங்–மாண்ட்ரியல் பல்லுயிர்ச் சட்டகம், வேளாண் நிலங்களை நீடித்த முறையில் நிர்வகிப்பதையும், பெருநிறுவனங்கள் இயற்கையின் மீதான தங்கள் தாக்கத்தை வெளிப்படுத்துவதையும் இலக்குகளாக வைத்தது. இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பங்குச்சந்தை நிறுவனங்கள் 2022–23 நிதியாண்டு முதல் சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாக வெளியிட வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடுப்பு விதிகளின்படி, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த காப்பி, ரப்பர் முதலியவற்றை அங்கே விற்க முடியாது. விளைந்த நிலத்தின் புவியிடக் குறிப்பையும் தரவேண்டும். நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிக்கொண்டே போனாலும், இந்தியக் காப்பிக்கு ஐரோப்பாவே பெரிய சந்தை என்பதால் தோட்டக்காரர்களால் இதை ஒதுக்கிவிட இயலாது. தேயிலை அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே மேட்டுநிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் விளையும் இரண்டு பயிர்களில் ஒன்றுக்கு மட்டும் இந்த நெருக்கடி இருப்பது விசித்திரமான நிலைதான்.

செயற்கைக்கோளிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அறிக்கை எழுதுவோர் முதலில் நாடுவது அதைத்தான். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்–2 செயற்கைக்கோள் இணை, 10 மீட்டர் நுணுக்கத்தில் ஐந்து நாள்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கிறது; படங்கள் இலவசம். காடு வெட்டப்பட்டதா என்பதை அது நன்றாகவே காட்டும். ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை பெறும் வால்பாறையில் தென்மேற்குப் பருவம் முழுவதும் மேகம்தான் படமாகும். மேகம் விலகிய நாளிலும் அது பார்ப்பது பசுமையை மட்டுமே. நிழல் மரங்களுக்குக் கீழே வளரும் காப்பி, மேலிருந்து பார்த்தால் காடு போலவே தெரியும். நிழலைக் குறைக்கக் கிளை கழித்ததைக் காடழிப்பு என்று தவறாகக் குறித்துவிடும் அபாயமும் உண்டு. குடகில் உள்நாட்டு மரங்களை வெட்டுவதற்கு அனுமதி பெறுவது கடினமாகவும் அயல் மரமான சில்வர் ஓக்கை வெட்டுவது எளிதாகவும் இருந்ததால், பல தோட்டங்களில் பலவகை மரங்கள் இருந்த இடத்தைச் சில்வர் ஓக் பிடித்துக்கொண்டது. இருவாச்சிப் பறவைக்குப் பழம் தரும் அத்தி போய், சதைப்பழமே தராத மரம் வந்த அந்த மாற்றத்தில் பசுமையின் பரப்பு பெரிதாகக் குறைந்திருக்காது. படத்தில் பச்சை அப்படியே இருக்க, பறவைக்கு உணவு இல்லாமல் போயிருக்கும்.

ஒலிப்பதிவு இதைவிடக் கிட்டத்தில் நின்று கேட்கிறது. மழைக்காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்கிறோம் என்பதால் இந்த முறை இங்கே நன்றாகப் பொருந்துகிறது. ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஆடியோமாத் என்ற கருவி தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. மூன்று பென்சில் பேட்டரிகளிலும் ஒரு நினைவட்டையிலும் ஓடுவது. ஈரம் புகாத உறையில் இட்டு ஒரு மரத்தில் கட்டி, எந்த நேரத்தில் எவ்வளவு நிமிடம் பதியவேண்டும் என்று முன்கூட்டியே அமைத்துவிட்டால் ஆள் இல்லாமல் வேலை செய்யும். மனிதக் காதுக்கு எட்டும் ஒலி முழுவதையும் பிடிக்க நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுத்தால் ஒரு நிமிடப் பதிவு 5.76 மெகாபைட், நாள் முழுவதும் பதிந்தால் 8 கிகாபைட்டுக்கு மேல். இருபது கருவிகளை ஒரு வாரம் ஓடவிட்டால் 3,360 மணி நேர ஒலி சேரும். நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் அதை முடிக்க ஒருவருக்கு 420 நாள் ஆகும். முன்பு காட்டில் நடந்து பார்ப்பதற்குச் செலவான உழைப்பு, இப்போது அறையில் அமர்ந்து இனம் பிரிப்பதற்குச் செலவாகிறது.

அந்த உழைப்பைக் குறைக்கத்தான் பேர்ட்நெட் போன்ற மென்பொருள்கள் வந்தன. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உருவாக்கிய இந்த மென்பொருள் இப்போது 6,000க்கும் மேற்பட்ட இனங்களின் குரல்களுக்குப் பயிற்சி பெற்றிருக்கிறது. வட அமெரிக்கா, ஐரோப்பாவின் பறவைகளில் தொடங்கி விரிந்த கருவி அது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய இனங்களுக்குப் பயிற்சிப் பதிவுகள் குறைவு என்பதால், அது சொல்லும் பெயரை உள்ளூர்க் குரலறிந்தவர் ஒருவர் சரிபார்த்தே ஆகவேண்டும். மென்பொருளை ஏமாற்றக்கூடிய பறவை ஒன்றும் இந்த மலைகளில் உண்டு. துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலை அச்சு அசலாக எடுத்துக் கூவும். பதிவில் கேட்ட குரலுக்குரிய பறவை அங்கே வந்ததா, கரிச்சான் நடித்ததா என்பது பல நேரங்களில் முன்னும் பின்னும் ஒரு நிமிடம் கூடுதலாகக் கேட்டால்தான் தெரியும். அந்த ஒரு நிமிடத்தை மூன்று நொடித் துண்டுகளாக வெட்டி அலசும் மென்பொருளுக்கு அந்தச் சந்தேகமே எழாது.

தோட்டத்துக்கே உரிய இடைஞ்சல்களும் இருக்கின்றன. சில்வண்டுகள் இரையும்போது அதே அலைவரிசையில் பாடும் பறவைகள் பதிவில் மூழ்கிப்போகும். சூன் முதல் மழையின் இரைச்சல் கோப்பு கோப்பாக நிரம்பும். கொழுந்து வெட்டும் இயந்திரமும் மருந்தடிக்கும் விசைத்தெளிப்பானும் ஓடும் நாளில் பறவை குறைவாகப் பதிவாவது, பறவை குறைந்ததாலா, கூச்சல் கூடியதாலா என்று பிரிக்க முடியாது. ஆனால் மருந்தடிப்பின் விளைவை அறிவதுதான் நோக்கம் என்றால், அதே நாள் பதிவே வேண்டியிருக்கிறது. இதற்கு விடை மென்பொருளில் இல்லை. எந்த நாளில் எந்த இடத்தில் பதிவதென்று முன்னரே திட்டமிடுவதில் இருக்கிறது.

ஒலிப்பதிவின் உண்மையான வலிமை, மனிதர் ஒருபோதும் கேட்க இயலாதவற்றில் வெளிப்படுகிறது. பூச்சியுண்ணும் வௌவால்கள் எழுப்பும் மீயொலி நம் செவிக்கு எட்டாது. தக்க கருவி அதைப் பதியும். வால்பாறையிலேயே தேயிலை, காப்பி, சோலைத் துண்டு, ஓடைக்கரைக் காடு ஆகியவற்றில் வௌவால்களை ஒப்பிட்டுச் செய்யப்பட்ட ஆய்வுகள், உள்நாட்டு மரநிழலில் வளரும் காப்பித் தோட்டங்கள் வௌவால்களுக்குத் தேயிலையைவிடப் பெரிதும் உகந்தவை என்றும், தேயிலைப் பரப்பிலும் ஓடைக்கரைக் காடு இருக்கும் இடம் அவற்றுக்குத் துணைசெய்கிறது என்றும் காட்டின. அந்த ஆய்வில் கவனிக்கவேண்டியது அதன் முதல் படி. எந்த மீயொலி எந்த வௌவாலுடையது என்று சொல்லும் குரல் தொகுப்பு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு அதுவரை இல்லாததால், இரவில் வலைகட்டி வௌவால்களைப் பிடித்து, இனம் கண்டு, அவற்றின் ஒலியைப் பதிந்து, பிறகு விடுவித்து அந்தத் தொகுப்பை முதலில் உருவாக்க வேண்டியிருந்தது. கருவி பின்னர் சொன்ன ஒவ்வொரு பெயருக்கும் அடியில், வலையிலிருந்து வௌவாலை எடுத்த ஒரு கை இருக்கிறது.

தானியங்கிக் கேமராவைப் பற்றி மக்கள் அறிந்திருப்பதால் சுருக்கமாகச் சொல்லலாம். 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் புலிகளின் வரிகளைக் கொண்டு தனித்தனியாக அடையாளம் கண்டு எண்ணிக்கையை மதிப்பிடும் முறையை உல்லாஸ் காரந்த் நிலைநிறுத்தினார். 2018ஆம் ஆண்டு தேசியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டு ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் படங்கள் கிடைத்தன. அவற்றில் புலிப் படங்கள் 76,651, சிறுத்தைப் படங்கள் 51,777. மிச்சம் வேறு விலங்குகளும் மனிதர்களும் கால்நடைகளும், காற்றில் ஆடிய புல்லும். இந்தக் கேமரா அசையும் வெப்பத்தை உணர்ந்தே இயங்குகிறது. உடலின் வெப்பம் சுற்றுப்புறத்தினின்று வேறுபட்டிருந்தால்தான் அதன் கண்ணுக்கு விலங்கு தென்படும். கோடை நண்பகலில் சூடேறிய நிலத்தின் முன் செல்லும் விலங்கைத் தவறவிடும். தவளையையும் பாம்பையும் பெரும்பாலும் பார்க்கவே பார்க்காது. வால்பாறையின் தோட்ட ஓடைகளில் வாழும் சிறுநக நீர்நாய் தண்ணீரிலிருந்து கரையேறும்போது, நனைந்த ரோமத்தின் மேற்பரப்பு குளிர்ந்து சுற்றுப்புறத்தோடு ஒத்திருப்பதால் கேமரா விழிக்காமல் போவது உண்டு. ஓடையோரப் பாறையில் அது விட்டுச்சென்ற எச்சத்தை நடந்து தேடுவது இன்றும் நம்பகமான வழி. மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்து கிடக்கும் அந்த எச்சம், நீர்நாய் வந்ததோடு அது என்ன தின்றது என்பதையும் சொல்லிவிடும்.

நீரில் கரைந்திருக்கும் டிஎன்ஏவைக் கொண்டு உயிரினங்களைக் கண்டறிவது புதிய வழி. 2008இல் பிரான்சின் குட்டைகளில் அயல் தவளை ஒன்று இருப்பதைத் தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதித்து உறுதிசெய்தார்கள். அதன்பின் இந்தத் துறை வேகமாக வளர்ந்தது. ஒரு சில லிட்டர் நீரை வடிகட்டினால் மீன், தவளை, பாலூட்டி எல்லாவற்றின் தடயமும் ஒருங்கே கிடைக்கும். தோட்டத்தில் இதன் குறை, ஓடை எல்லையை மதிக்காது என்பது. மேலே காப்பகத்தில் நனைந்த விலங்கின் டிஎன்ஏ கீழே தேயிலைக்குள் எடுத்த நீரில் தெரியும். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளின் மாடும் நாயும் அதில் தாராளமாகக் கலந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பல தவளை இனங்கள் அண்மையில்தான் அறிவியல் பெயர் பெற்றன. ஒப்பிடும் டிஎன்ஏ நூலகத்தில் இல்லாத இனத்தை எந்த ஆய்வகமும் பெயர்சொல்லித் தர இயலாது.

எந்தக் கருவியானாலும் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. ஓரிடத்தில் ஒரு பறவை வாழ்கிறது. ஒரு முறை பதிவு செய்தால் அது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 30 என்று கொள்வோம். நான்கு முறை பதிந்தும் அது ஒருமுறைகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 24. எட்டு முறை பதிந்தால் அது ஏறத்தாழ 6 ஆகக் குறையும். அதாவது நான்கு நாள் பதிவில் காணோம் என்பதை வைத்து இல்லை என்று எழுதினால், பறவை வாழும் இடங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் பொய் எழுதிவிடுவோம். நிழல் அடர்ந்த காப்பியில் ஒலி மரங்களில் தடுக்கப்படும். திறந்த தேயிலையில் தொலைவு வரை கேட்கும். இரண்டிலும் அகப்படும் வாய்ப்பு வேறுபடுவதால், பதிவுகளின் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டால் வேறுபாடு பறவையிலா, காற்றிலா என்று தெரியாது. 2002 முதல் வளர்ந்துவந்த இருப்பு மதிப்பீட்டுப் புள்ளியியல் முறைகள் இதைத் திருத்தவே உள்ளன. அவற்றுக்கு ஒரே இடத்தில் பலமுறை எடுத்த பதிவுகள் தேவை. ஒரே ஒரு முறை எல்லா இடத்துக்கும் போய் வருவதைவிட, குறைந்த இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போவது நல்லது. தோட்ட நிருவாகத்துக்கு இதைப் புரியவைப்பது கடினம். வரைபடத்தில் நிறையப் புள்ளிகள் இருந்தால்தான் வேலை நடந்ததாகத் தோன்றும்.

ஒப்பீடு சரியாக அமைந்தால் கருவி எவ்வளவு பயன்படும் என்பதற்கு வால்பாறையே சான்று. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பின் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்டங்களுக்குள் உள்ள சிதைந்த சோலைத் துண்டுகளில் களையகற்றி உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டு மீட்டுவருகிறார்கள். அந்த மீட்பால் பயன் உண்டா என்பதை அறிய, நட்டு மீட்ட இடம், தானாக வளரவிட்ட இடம், சிதையாத காடு என்று மூன்று வகை இடங்களிலும் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளியானது. மழைக்காட்டுப் பறவைகளைப் பொறுத்தவரை மீட்ட இடங்கள் மற்ற இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இருந்தன. இந்த முடிவைத் தந்தது கருவியின் திறமையைவிட, எங்கே நட்டோம், எங்கே நடவில்லை என்பதை இருபது ஆண்டுகள் எழுதிவைத்திருந்த பழக்கம்தான்.

அதேபோல், கண்ணையும் காதையும் மட்டுமே கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகளையும் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. கர்நாடகத்தின் காப்பித் தோட்டங்களில் ஆள் நின்று பறவைகளை எண்ணிச் செய்து 2018இல் வெளியான ஆய்வு, காட்டைச் சார்ந்த 79 பறவை இனங்களைப் பதிந்தது. அராபிகா தோட்டங்களில் நிழல் மறைப்பு ஏறத்தாழ 95 விழுக்காடாகவும் ரொபஸ்டாவில் 80 விழுக்காடாகவும் இருந்தும், இரண்டிலும் பறவை வளம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. விவசாயி எந்த வகை நடலாம் என்று யோசிக்கும்போது உதவக்கூடிய விடை இது.

விடை யாரிடம் போய்ச் சேருகிறது என்பது இதோடு ஒட்டிய விஷயம். வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் கண்காணிக்கும் முறையை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆனந்த குமார் உருவாக்கினார். 2015இல் அவருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்கு வழங்கப்படும் விட்லி விருது கிடைத்தது. யானைக் கூட்டம் இருக்கும் இடம் உள்ளூர்த் தொலைக்காட்சியில் எழுத்தாக ஓடும். குறுஞ்செய்தியாகத் தொழிலாளர்களின் கைபேசிக்கு வரும். கைபேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகள் முக்கியமான இடங்களில் எரியும். மாலையில் பேருந்திலிருந்து இறங்கி லயனுக்கு நடக்கப்போகிறவருக்கு அந்த விளக்கு எரிகிறதா என்பது உயிர்ப் பிரச்சினை. மேட்டுநிலத்தில் யானையால் நேரும் மனித உயிரிழப்பு இதனால் குறைந்தது. தொழில்நுட்பம் என்று பார்த்தால் இது மிகச் சாதாரணம். தகவல் அன்றைக்கே, அதற்காகக் காத்திருப்பவரைச் சென்றடைகிறது என்பதே அதன் சிறப்பு. பல்லுயிர்க் கண்காணிப்பில் பெரும்பாலும் தகவல் மூன்று ஆண்டு கழித்து ஓர் ஆங்கில ஆய்விதழைச் சென்றடைகிறது. கிளை கழிக்கச் சொல்லும் மேற்பார்வையாளருக்கு அது வருவதேயில்லை.

தொழிலாளர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். விலங்குக்கு வைத்த கேமரா விறகு எடுக்கப்போகும் பெண்ணையும் படமெடுக்கும். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதியில் செய்யப்பட்டு 2024இல் வெளியான கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு, அங்கே கேமராக்களும் டிரோன்களும் பெண்களை மிரட்டவும் வேவுபார்க்கவும் பயன்பட்டதையும், காட்டில் எடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் படம் சமூக ஊடகத்தில் பரப்பப்பட்டதையும் பதிவு செய்தது. தோட்டத்தில் கேமராவின் உரிமையாளரே சம்பளம் தருபவராகவும் குடியிருப்பு தருபவராகவும் இருப்பதால் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஒலிப்பதிவுக் கருவியும் விலக்கன்று. அதன் முன் நின்று பேசுபவர்களின் பேச்சு தெளிவாகவே பதியும். லயன்களுக்கும் தண்ணீர் எடுக்கும் ஓடைக்கும் அருகே கருவி வைப்பதில்லை, மனிதப் படங்களையும் பேச்சையும் பார்க்காமலே அழித்துவிடுவது, எங்கே கருவி இருக்கிறது என்று தொழிற்சங்கத்திடம் முன்கூட்டிச் சொல்வது ஆகிய மூன்றையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத தோட்டத்தில் எந்த ஆய்வாளரும் கருவி கட்டக்கூடாது என்பது என் கருத்து. இதற்கு நேர்மாறான முறையும் நம் மலைகளிலேயே உண்டு. ஆனைமலைக்கு அப்பால் கேரளத்தின் வாழச்சாலில், பழங்குடியினரான காடர் சமூகத்தினரே இருவாச்சிக் கூடுகளைக் கண்காணிக்கிறார்கள். பதிவும் அவர்கள் கையால் ஆவது.

கடைசியாக, கருவிகளைவிட மலிவான ஒரு தரவு ஏற்கெனவே ஒவ்வொரு தோட்ட அலுவலகத்திலும் இருக்கிறது. எந்த வயலில் எந்த நாளில் என்ன மருந்து எவ்வளவு அடித்தார்கள், எப்போது கவாத்து செய்தார்கள், எப்போது நிழல் கழித்தார்கள், எப்போது மறுநடவு செய்தார்கள் என்பதெல்லாம் கணக்குப் பேரேடுகளில் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டுவருகின்றன; சம்பளமும் சரக்குச் செலவும் அதைக் கொண்டுதான் கணக்கிடப்படுகின்றன. ஒலிப்பதிவோ கேமராவோ தரும் எந்த எண்ணுக்கும் பொருள் தருவது இந்தக் குறிப்புகளே. கண்காணிப்புத் திட்டங்கள் பொதுவாக மூன்றாண்டு நிதியில் நடக்கின்றன. தேயிலையின் ஒரு கவாத்துச் சுற்று அதைவிட நீளம். நிழல் மரம் ஒன்று வளர்ந்து பழம் தர அதைவிடப் பல மடங்கு காலம் ஆகும். எனவே ஒரு தோட்டம் கருவி வாங்கத் தயார் என்று சொன்னால், அதற்கு முன் அந்தப் பேரேடுகளை வயல்வாரியாக வரைபடத்தோடு இணைத்துத் தரச் சொல்வதும், நினைவட்டைகள் ஆய்வாளர் போனபின் எங்கே, யார் பொறுப்பில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வதும் முதல் வேலையாக இருக்கவேண்டும்.